புடிச்சுக்கட்டுங்களா?

கண்ணு,

பிள்ளையார் சுழி போட்டு, மாரியம்மனை மனதில் வைத்து, இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். மூணாறில் இருந்து நீ போட்ட இன்லேண்டு லெட்டர் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. மூன்று பக்கமும் எழுத இடம் கொடுத்து அரசாங்கம் விற்கிற காகிதத்தில் நீ எழுதியிருந்தது ஒரே வரி: "பெண் சரி. மச்சினன் வேண்டாம்." மீதி எழுத்து மடிப்புக்குள் ஒளிந்திருக்கிறதோ என்று நான் திருப்பிப் பார்த்தேன், வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தேன். உங்கய்யன் வாங்கிப் படித்துவிட்டு, "தேயிலை ஆபீஸ்ல கணக்கெழுதறான்னு நெனச்சேன், தந்தி ஆபீஸ்ல சேந்துட்டானாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோப்புக்குப் போய்விட்டார். பதில் எழுதுவது வழக்கம்போல என் தலையில் விழுந்தது.

பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவள் நான் என்பது உனக்குத் தெரியும். காலண்டர் தாளிலும் கோயிலில் கொடுக்கும் தோத்திரப் புத்தகத்திலும் எழுத்துக் கூட்டிப் படித்துப் பழகினவள். அப்படிக் கற்றுக்கொண்டவர்களுக்குச் சுருக்கமாக எழுத வராது. ஆகவே இது நீளமாகத்தான் இருக்கும். நடுவில் எழுந்து போகாமல் படி. வேறு யார் பிரித்துப் படித்தாலும் எனக்குக் கூச்சம் இல்லை. கல்யாண வயதில் பையனை வைத்துக்கொண்டு, அவன் வாயில் இருந்து ஒரு 'சரி' வாங்க முடியாமல் தவிக்கிற எல்லோரும் படிக்கட்டும். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பெண் என்பது சந்தையில் வாங்குகிற கத்தரிக்காய் அல்ல, காம்பை ஒடித்துப் போட்டுவிட்டு நிறுத்துத் தரச் சொல்வதற்கு. சரஸ்வதி வந்தால் அவள் அண்ணன் நாச்சிமுத்துவும் வருவான். அவன் கண்ணாடியும் வரும், அந்தக் கண்ணாடியைக் கட்டியிருக்கிற கயிறும் வரும்.

அவன் மேல் உனக்கு ஏன் இத்தனை மனத்தாங்கல் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் ஊருக்குத் தெரிந்தது ஒன்று, நான் பார்த்தது வேறொன்று. அதைச் சொல்லத்தான் இத்தனை காகிதம்.

நீ வளர்ந்த வேகம் எனக்கே பயமாக இருந்த காலம் அது. நிலைப்படியில் நெற்றி இடித்து இடித்து உன் நெற்றியில் ஒரு வீக்கம் குடியிருந்தது. துரட்டி இல்லாமல் நீ முருங்கைக்காய் பறிப்பதைச் சாலையில் சைக்கிளில் போன டிரில் மாஷ், அந்த மலையாளத்து வாத்தியார், பார்த்துவிட்டார். அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து, "ஈ பையனை எனக்குத் தரணும் அம்மே" என்று கேட்டார். ஏதோ சுவீகாரம் கேட்கிறார் என்று நினைத்து நான் அழவே தொடங்கிவிட்டேன். கூடைப்பந்துக்குக் கேட்கிறார் என்பதை உங்கய்யன்தான் எனக்கு விளக்கினார். பள்ளிக்கூடத்து மைதானத்தில் இரண்டு கம்பம் நட்டு, பனம்பலகையில் போர்டு செய்து, இரும்பு வளையம் மாட்டி நீங்கள் ஆடத் தொடங்கினீர்கள். வளையத்துக்குக் கீழே நீ பந்தை வாங்கிவிட்டால் உன்னைத் தடுக்க யாராலும் ஆகவில்லை. முதுகில் ஒருத்தன், இரண்டு தோளிலும் இரண்டு பேர் தொங்கினாலும், தொழுவத்தில் தீவனத்துக்குப் போகிற காளை மாதிரி அவர்களையும் இழுத்துக்கொண்டு போய்ப் பந்தைப் போட்டுவிட்டு வருவாய். பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கும். பெருமைப்பட்டால் கண் பட்டுவிடும் என்று உடனே மிளகாய் சுற்றிப் போடுவேன்.

ஆனால் ஒன்று மட்டும் உனக்கு வரவில்லை. யாராவது உன்னைத் தள்ளிவிட்டாலோ பிடித்து இழுத்தாலோ, விசில் ஊதி, எல்லோரையும் ஒதுக்கி நிறுத்தி, உன்னை ஒரு கோட்டில் நிற்க வைத்துப் பந்தைக் கையில் கொடுப்பார்கள். தடுக்க ஆள் கிடையாது. நிதானமாகப் பார்த்து எறியலாம். அதற்கு ப்ரீ த்ரோ என்று பெயர். நம் வீட்டில் நான் வைத்த பெயர் சும்மா எறி. மூன்று பேர் தொங்கும்போது தவறாத உன் கை, சும்மா கொடுத்தால் தவறியது. ஒரு தடவை வளையத்தின் மேல் பக்கம் பட்டுத் தெறித்தது, ஒரு தடவை போர்டையே தொடாமல் சுவர் தாண்டிச் சாணிக்குழியில் விழுந்தது. நானும் சும்மா இருக்கவில்லை. தென்னங்கன்றுக்கு வாளித் தண்ணீரை வீசுகிற மாதிரி இரண்டு கையாலும் கீழே இருந்து வீசிப் பார் என்று யோசனை சொன்னேன். நீயும் அம்மா சொல்லைத் தட்டாமல் வீசினாய். அன்றைக்குப் பார்த்து, பஞ்சாயத்துப் பணம் கம்பமாகத்தான் நிற்கிறதா என்று பார்வையிட பிரசிடெண்ட் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பந்து நேராக அவர் மடியில் போய் உட்கார்ந்தது. அதோடு பந்து விஷயத்தில் யோசனை சொல்வதை விட்டுவிட்டேன். கோயிலில் வேண்டுதல் வைப்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

இப்போது அந்த மாரியம்மன் பண்டிகைப் பந்தயத்துக்கு வருகிறேன். நீ இந்த இடத்தில் கடிதத்தை மடித்து வைக்கப் பார்ப்பாய். வைக்காதே. இறுதி ஆட்டத்துக்கு நம் வாலிபர் சங்கமும், கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு மில் டீமும் வந்திருந்தன. ஜெயிக்கிற டீமில் ஆளுக்கு ஒரு எவர்சில்வர் குடம் சம்மானம். அந்தக் குடங்களை மேடையில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். வெயிலில் அவை மின்னின மின்னலில் எனக்குப் பாதி ஆட்டம் தெரியவில்லை. கேட்பானேன், சமையலறை அலமாரியில் பித்தளைக் குடத்தை நகர்த்தி இடமே ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் மைதானத்துக்கு வந்திருந்தேன். பால் கணக்கு நோட்டைக் கையோடு கொண்டுவந்து, பின்பக்கத் தாளில் ஒரு கோடு கிழித்து, நம் பக்கம் விழுகிற பாயிண்ட்டையும் அவர்கள் பக்கம் விழுகிற பாயிண்ட்டையும் குறித்துக்கொண்டு வந்தேன். கணக்கு எழுதாமல் எதையும் பார்த்து எனக்குப் பழக்கமில்லை.

முதலில் நம் பக்கம் ஏறிக்கொண்டே போயிற்று. அப்புறம் அவர்கள் கோச் ஓர் ஆளை உள்ளே அனுப்பினார். நோஞ்சான் உடம்பு, சோடாப்புட்டிக் கண்ணாடி, கண்ணாடி விழாமல் பின்னந்தலையில் கயிறு. பந்து அவன் கைக்கு வந்தால் சுடுசோற்று உருண்டையைப் பிடித்தவன் மாதிரி அடுத்தவனிடம் தள்ளிவிடுவான். இவனை எதற்கு லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள் என்று நான் யோசிப்பதற்குள், நீ வளையத்துக்குக் கீழே பந்தை வாங்கினாய். அவன் உன் பக்கத்தில் ஓடி வந்து நின்றான். கோட்டுக்கு வெளியே முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஏனுங்க தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. புடிச்சுக்கட்டுங்களா?"

நீ என்ன செய்திருக்க வேண்டும்? பந்தைப் போட்டிருக்க வேண்டும். போட்டுவிட்டு அப்புறம் "என்னங்க கேட்டீங்க?" என்று விசாரித்திருக்கலாம். மரியாதையாக ஒருவர் கேட்டால் மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும் என்று நான் வளர்த்த வளர்ப்பில், நீ பந்தோடு நின்று அவனைத் திரும்பிப் பார்த்து, "ம், புடிங்க" என்றாய். அவன் இரண்டு கையாலும் உன் இடுப்பைக் கட்டிக்கொண்டான். விசில் ஊதினார்கள். சும்மா எறி இரண்டு கொடுத்தார்கள். இரண்டும் வெளியே போயின. அடுத்த தடவையும் அவன் வந்தான், கேட்டான், நீ நின்றாய், பிடித்தான். சாமி புறப்பாட்டில் வடம் பிடிக்கிறவர்கள்கூட அத்தனை பணிவாகப் பிடித்து நான் பார்த்ததில்லை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உங்கய்யனிடம், "ஏனுங்க, அந்தக் கண்ணாடிக்காரன் எதுக்குங்க நம்ம பையனையே கட்டிக் கட்டிப் புடிக்கறான்?" என்று கேட்டேன்.

"பிரியமா இருக்கும்" என்றார்.

அவரை நம்பிப் பயனில்லை என்று மாஷிடம் போனேன். அவர் குடையைத் தரையில் குத்திக்கொண்டு நின்றிருந்தார். அது தந்திரமாக்கும் அம்மே என்று ஆரம்பித்து, பாதி மலையாளமும் பாதித் தமிழுமாக எனக்குச் சொன்னார். உன்னைச் சும்மா விட்டால் நீ வளையத்துக்கடியில் இருந்து போடுவது நிச்சயம். பிடித்து நிறுத்திவிட்டால் சும்மா எறிதான் கிடைக்கும், அதை நீ தவற விடுவதும் நிச்சயம். ஓர் ஆள் ஐந்து தடவை பிடித்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். அதனால் ஆடத் தெரிந்தவனை வீணாக்காமல், பிடிக்க மட்டும் தெரிந்த ஒருவனைக் கொண்டுவந்திருக்கிறார்கள். என் நோட்டைப் பார்த்தேன். நம் பக்கம் எழுத ஒன்றும் இல்லாமல் பென்சில் காய்ந்து கிடந்தது, அவர்கள் பக்கம் வளர்ந்திருந்தது. கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரம்.

இடைவேளையில் நம் பையன்களுக்குக் கொடுக்கத் தூக்குப்போசியில் மோர் கொண்டுவந்திருந்தேன். அந்தப் போசியோடு நேராக அந்தப் பக்கம் போனேன். அவன் தனியாகக் கோட்டோரத்தில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் டீம் ஆட்கள் யாரும் அவனோடு பேசவில்லை. ஆடத் தெரியாதவனுக்கு அங்கேயும் அதே மரியாதைதான் போலிருக்கிறது.

"ஏன் தம்பி, என்ற மவன எதுக்கு இந்தப் புடி புடிக்கறே? வெக்கமா இல்லியா உனக்கு?" என்றேன்.

அவன் எழுந்து நின்றுவிட்டான். "இருக்குதுங்கம்மா. நெம்ப வெக்கமாத்தானுங்க இருக்குது. எனக்குப் பந்து வராதுங்க, புடிக்கத்தானுங்க வரும். அதான் கேட்டுட்டுப் புடிக்கறனுங்க."

"கேட்டுட்டுப் புடிச்சா செரியாப் போயிருமா?"

"செரியாப் போவாதுங்க. ஆனா கேக்காமப் புடிக்கறதுக்கு இது தேவலைங்களே."

அவன் உதடு காய்ந்து வெடித்திருந்தது. எதிரிக்குத் தாகம் எடுத்தாலும் தாகம் தாகம்தான். "இந்தா, குடி" என்று போசியை நீட்டினேன். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? வேண்டாங்க, பரவாயில்லைங்க, இப்பத்தான் குடிச்சனுங்க என்று மூன்று பொய் சொல்லியிருப்பாய். அவன் இரண்டு கையாலும் வாங்கினான், கண்ணை மூடிக்கொண்டு குடித்தான், வாயைத் துடைத்துக்கொண்டு, "பெருங்காயம் போட்டிருக்கீங்க, நல்லா இருக்குதுங்கம்மா" என்றான். மிச்சத்தை டீமுக்கும் கொடுக்கட்டுங்களா என்று கேட்டான். நான் தலையை ஆட்டிவிட்டேன். திரும்பி வரும்போதுதான் நினைவு வந்தது, நம் பையன்களுக்கு மோர் இல்லை. இதை நான் இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லை. அன்று நீங்கள் வெறும் தண்ணீர் குடித்து ஆடினதற்கு நான்தான் காரணம், அன்று நான் சாக்குச் சொன்ன பசுமாடு அல்ல.

இடைவேளைக்கு அப்புறம் அவன் ஐந்தாவது தடவையும் பிடித்து முடித்தான். விசில் ஊதினதும் உன்னைப் பார்த்து ஒரு கும்பிடு, நடுவரைப் பார்த்து ஒரு கும்பிடு, மாஷைப் பார்த்து ஒன்று, என்னைப் பார்த்து ஒன்று போட்டுவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டான். நம் ஜனங்களே கை தட்டினார்கள். இனி உனக்குத் தடை இல்லை என்று நான் அம்மனுக்கு நன்றி சொன்னேன். நீ பந்தை வாங்கினாய். பக்கத்தில் யாரும் இல்லை. நீ பந்தோடு நின்று, யாராவது வந்து கேட்கப்போகிறார்கள் என்று இடதும் வலதும் பார்த்தாய்! மாஷ் குடையைத் தரையில் போட்டு மிதித்தார்.

கடைசியில் வேறொருவன் கேட்காமல் கொள்ளாமல் உன்னைப் பிடித்து இழுத்தான். ஒரு பாயிண்ட் பின்னால் இருந்தோம். ஒன்று விழுந்தால் சமம், இரண்டும் விழுந்தால் குடம். முதல் பந்து போர்டில் பட்டு, 'விலாசம் தவறு' என்று தபால் திரும்பி வருகிற மாதிரி உன் கைக்கே வந்தது. இரண்டாவது வளையத்தின் மேல் ஏறி ஒரு சுற்று சுற்றி, யோசித்து, வெளியே இறங்கிவிட்டது. குடங்கள் லாரியில் ஏறின. அவற்றோடு என் தூக்குப்போசியும் ஏறிப் போய்விட்டது. வீட்டுக்கு வந்த பிறகுதான் அது எனக்குத் தெரிந்தது. உண்மையைச் சொன்னால், அன்று ராத்திரி நீ ஆட்டத்தை நினைத்துச் சாப்பிடாமல் படுத்தாய், நான் போசியை நினைத்துச் சாப்பிடாமல் படுத்தேன்.

அப்புறம் டீக்கடையில் உனக்கு 'ஓசிவேண்டான்' என்று பெயர் வைத்தார்கள். ஓசியில் கொடுத்தாலும் வாங்கத் தெரியாதவனாம். சலூனில் கூப்பிட்டார்கள், பஸ்ஸில் கூப்பிட்டார்கள், கோயில் வரிசையில் பூசாரியே வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். நீ மூணாறு எஸ்டேட்டில் வேலை என்றதும் பெட்டியைக் கட்டினதற்குக் காரணம் சம்பளம் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

நீ ஊரில் இருந்தபோதே அந்தப் போசி திரும்பி வந்தது. ஆட்டம் முடிந்த அடுத்த வாரம் நாச்சிமுத்து அத்தனை தூரம் சைக்கிளில் வந்து வாசலில் நின்றான். போசி நிறைய நாட்டுச் சர்க்கரை. எதுக்கு தம்பி இதெல்லாம் என்றேன். "வெறும் போசியக் கொண்டாந்து குடுத்தா எங்கம்மா ஊட்டுக்குள்ளாற உட மாட்டாங்க" என்றான். எனக்கு அந்த இடத்திலேயே அவன் வீட்டைப் பிடித்துவிட்டது. நம் வீட்டுச் சட்டமும் அதுதானே. அடுத்த வீட்டுப் பாத்திரம் எதுவாக இருந்தாலும் வெறுமையாகத் திரும்பிப் போகக்கூடாது, ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி உப்பாவது போட்டுத்தான் அனுப்ப வேண்டும். ஆனால் கணக்கு எனக்கு உறுத்தியது. நான் கொடுத்தது மோர். வந்தது சர்க்கரை. மோருக்கும் சர்க்கரைக்கும் நேர் ஆகுமா? அதே போசியில் மாவடு போட்டு அனுப்பினேன். அவன் அம்மா நிலக்கடலை போட்டு அனுப்பினாள். நான் இலந்தை வடை போட்டு அனுப்பினேன். யார் வீட்டுப் போசி என்பதே மறந்துபோகும்படி அது செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்துகொண்டிருக்கிறது. அரிசி கடத்துகிறார்களோ என்று ஆரம்பத்தில் செக்போஸ்ட்டில் மூடியைத் திறந்து கையை விட்டே பார்த்தார்கள். இப்போதெல்லாம் "இன்னைக்கு என்னங்க?" என்று விசாரிப்பதோடு சரி.

அவன் வருகிற சைக்கிள் மணி கேட்டால் நீ கொல்லைக் கதவு வழியாகத் தோப்புக்குப் போய்விடுவாய். அவன் ஒவ்வொரு தடவையும் "தம்பி இல்லீங்களா?" என்று கேட்பான். நான் இல்லை என்பேன். தென்னைமரத்துக்குப் பின்னால் உன் தலை தெரிந்துகொண்டிருக்கும். உன் உயரத்துக்கு ஒளிவது என்பது நடக்காத காரியம். அவனும் பார்ப்பான், பார்க்காத மாதிரி மோர் குடித்துவிட்டுப் போவான்.

நீ மூணாறு போனதற்கு அப்புறம் அவர்கள் வீட்டில் ஒரு காதுகுத்துக்கு நாங்கள் போயிருந்தோம். அங்கேதான் சரஸ்வதியோடு நிதானமாகப் பேசினேன். அந்த ஆட்டத்துக்கு அவளும் லாரியில் வந்திருந்தாளாம். அவர்கள் பக்கத்தில் இருந்து "அண்ணா, உட்டுருண்ணா, பாவம்ணா" என்று ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்ததே, அது இவள்தான். பேச்சு வாக்கில், என் மகனுக்கு ஏன் அந்தச் சும்மா எறி மட்டும் விழமாட்டேன் என்கிறதோ என்று நான் சலித்துக்கொண்டேன். அவள் பந்திக்கு இலை துடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்:

"அவுரு வளையத்தப் பாக்கவே இல்லீங்களேம்மா. சுத்தி நிக்கறவங்களத்தானே பாத்துட்டு நின்னாரு. 'எல்லாரும் எனக்காக நிக்கறாங்களே'ன்னு வெசனப்படற மாதிரி."

கண்ணு, மாஷ் உன்னை எத்தனை வருஷம் பழக்கினார்? உன்னைப் பெற்று வளர்த்தவள் நான், முன்வரிசையில் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். எங்கள் இருவர் கண்ணிலும் படாதது, எதிர்க்கட்சி லாரியில் வந்த ஒரு பெண் கண்ணில் பட்டிருக்கிறது. அன்று நான் இரண்டு கவளத்துக்கு மேல் சாப்பிடவில்லை. யோசனையாகவே இருந்தது.

அவள் சொன்னது சரி. நீ சின்ன வயதில் இருந்தே அப்படித்தான். மூன்று பேர் தொங்கினால் உனக்குத் தைரியம் வரும், இழுத்துக்கொண்டு போய் வாங்கிவிடுவாய். ஒருவர் வழி விட்டு, 'இந்தா, எடுத்துக்கொள்' என்றால் கை பின்னால் போய்விடும். அடுத்த வீட்டில் சீம்பால் கொடுத்தால், நம் வீட்டில் திருப்பிக் கொடுக்க என்ன இருக்கிறது என்று ஓடி வந்து கேட்டுவிட்டுத்தான் வாயில் வைப்பாய். போன மழையில் எஸ்டேட் மானேஜர் ஜீப்பை நிறுத்தி ஏறிக்கொள்ளச் சொன்னாராம், நீ வேண்டாம் என்று நனைந்துகொண்டே மலை ஏறி, அப்புறம் காய்ச்சலில் படுத்தாயாம். உன் சிநேகிதன் வந்து சொன்னான். போசி வெறுமையாகப் போகக்கூடாது என்று சொல்லித்தான் உன்னை வளர்த்தேன், அதை நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை. ஆனால் அந்தச் சட்டத்தில் முதல் பாதி ஒன்று இருக்கிறது. போசி நிறைந்து வரும்போது முதலில் அதை வாங்கி உள்ளே வைக்க வேண்டும். வாசலிலேயே நிறுத்தி, நான் என்ன போட்டு அனுப்புவேன் என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தால் கொண்டுவந்தவன் கை வலிக்காதா? கோயிலில் தீர்த்தம் கொடுக்கும்போது வலது கையைக் குழித்து நீட்டுகிறோம். பூசாரி முகத்தைப் பார்த்து வெட்கப்பட்டுக்கொண்டு நின்றால் தீர்த்தம் முழங்கை வழியாக ஓடிவிடும். நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். சாமி உனக்கு எதையாவது சும்மா கொடுத்தால், கொஞ்ச நேரம் சுற்றி நிற்கிறவர்களை மறந்துவிட்டு வாங்கிக்கொள்.

இப்போது பெண் வீட்டார் தாங்களாகவே வந்து கேட்டிருக்கிறார்கள். நாம் அலையவில்லை, தரகர் வைக்கவில்லை. பெயர்ப் பொருத்தம் பார்த்தாயிற்று, உங்கய்யனுக்குச் சம்மதம். பெண்ணை உனக்கும் பிடித்திருக்கிறது, நீயே எழுதியிருக்கிறாய். எல்லோரும் ஒதுங்கி நின்று பந்தை உன் கையில் கொடுத்திருக்கிறோம். நீ என்னடாவென்றால் வளையத்தைப் பார்க்காமல் கோட்டோரத்தில் நிற்கிற மச்சினனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

அவனைப் பற்றியும் ஒன்று சொல்லி முடித்துவிடுகிறேன். அவன் செய்தது தந்திரம்தான். இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தக் குடத்தை நான் இன்னும் மறக்கவில்லை. ஆனால் உனக்கு இனி எத்தனையோ பேர் வருவார்கள், பின்னால் இருந்து பிடிப்பார்கள், காலை வாருவார்கள், பிடித்ததே உனக்குத் தெரியாமல் பிடிப்பார்கள். எஸ்டேட் ஆபீசில் இப்போதே இரண்டு பேர் இருப்பார்கள். முன்னால் வந்து நின்று, கயிறு கட்டின கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, கேட்டுவிட்டுப் பிடித்தவன் உன் வாழ்நாளில் அவன் ஒருவன்தான். அப்படிப்பட்டவனை எதிர் டீமில் விட்டு வைக்கலாமா? நம் பக்கம் சேர்த்துக்கொள்வதுதானே புத்தி. அவன் பிடி எத்தனை உறுதி என்று உனக்குத் தெரியாததா?

உன் ஒரு வரி லெட்டரை நான் அவனிடம் மறைக்கவில்லை. புதன்கிழமை வந்தவனிடம், பெண் சரி, மச்சினன்தான் வேண்டாமாம் என்று சொன்னேன். கோபித்துக்கொள்வான் என்று பார்த்தேன். "நாயந்தானுங்கம்மா. அஞ்சு தடவ புடிச்சிருக்கறனுங்களே" என்றான். அப்புறம், மாப்பிள்ளை அழைப்பில் மச்சினன்தானே மாப்பிள்ளை கையைப் பிடித்துப் பந்தலுக்குள் கூட்டிக்கொண்டு போக வேண்டும், தம்பிக்குச் சங்கடமாக இருந்தால் அதைத் தன் சித்தப்பா மகனைச் செய்யச் சொல்லிவிட்டுத் தான் பந்தியைப் பார்த்துக்கொள்கிறேன் என்றான். தங்கை கல்யாணத்தில் அண்ணன் சாம்பார் வாளியோடு நிற்பானாம். உங்கய்யன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "அதெல்லாம் முடியாது. புடிக்கறதுன்னா அது நீதான். அந்தச் சோலி உன்னைத் தவுத்து வேற ஆருக்கு வரும்?" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

ஆக, வரும் ஞாயிற்றுக்கிழமை உடுமலை, பொள்ளாச்சி வழியாக வருகிற பஸ்ஸில் ஏறி வா. பஸ் கோபாலபுரம் செக்போஸ்ட்டில் வழக்கம்போல நிற்கும். அங்கே நாச்சிமுத்து நிற்பான். ஜன்னல் ஓரம் வந்து ஒன்று கேட்பான். என்ன கேட்பான் என்று உனக்குத் தெரியும், என்ன பதில் சொல்ல வேண்டும் என்றும் தெரியும். ஏற்கெனவே பழக்கமாகிவிட்ட பதில்தான். இந்தத் தடவை விசில் ஊத யாரும் இல்லை.

அவன் புதன்கிழமை போசியோடுதான் வந்தான். அடியில் சர்க்கரை, மேலே துணியில் சுற்றிப் பெண்ணின் ஜாதகம். சர்க்கரையை டப்பாவில் கொட்டி, ஜாதகத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, போசியைக் கழுவித் துடைத்து அலமாரியில் கவிழ்த்து வைத்திருக்கிறேன், குடத்துக்கென்று ஒதுக்கின அந்த இடத்தில். மாவடு இருக்கிறது, தேங்காய் இருக்கிறது, ஆனால் இந்தத் தடவை அதெல்லாம் போட்டு அனுப்பினால் நன்றாக இராது. அதில் போட வேண்டியது உன்னிடம்தான் இருக்கிறது. வந்து போடு, கண்ணு. வெறும் போசி அனுப்பி எனக்குப் பழக்கமில்லை.

உன்னைப் பெற்றவள்